ரெசிட்யூ தொடர்புகள் தப்பாக வருகின்றனவா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

இரண்டு அணுக்களுக்கு இடையே உள்ள தூரத்தைக் கண்டுபிடிப்பது பள்ளிக்கூடத்து ஆயத்தொலை வடிவியல்தான். கழி, வர்க்கப்படுத்து, கூட்டு, வர்க்கமூலம் எடு. இதில் யாரும் தவறுவதில்லை. புரதத்தில் எந்த அமினோ அமிலம் எதைத் தொடுகிறது என்று பட்டியல் எடுக்கும்போது வருகிற பிழைகளில் பெரும்பாலானவை இந்தக் கணக்குக்கு முன்னாலேயே நடந்து முடிந்தவை. எந்த அணுக்களை உள்ளே விட்டோம், எவற்றை வாசலிலேயே நிறுத்திவிட்டோம் என்பதில்தான் கோளாறு. நிரலோ எரர் எதுவும் காட்டாமல் ஓடி முடித்து, வண்ண வண்ணமாக வரைபடத்தையும் கையில் கொடுத்துவிடும். அதனால்தான் கண்டுபிடிக்க நாளாகிறது.

சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. புரதச் சங்கிலியில் கோத்திருக்கும் ஒவ்வோர் அமினோ அமிலத்துக்கும் கலைச்சொல் பட்டியல்களில் 'எச்சம்' என்று இருக்கும். எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிமேல் காக்கை போட்டதுதான் ஞாபகம் வரும். ஆகவே இங்கே ரெசிட்யூ என்றே எழுதுகிறேன்.

கையில் ஒரு மாதிரி இருந்தால்தான் பேச வசதி. மனித ஹீமோகுளோபினை எடுத்துக்கொள்வோம். புரோட்டீன் டேட்டா பேங்க் (பிடிபி) என்ற புரத அமைப்பு வங்கியில் 4எச்எச்பி என்பது ஆக்சிஜன் இல்லாத நிலை, 1எச்எச்ஓ என்பது ஆக்சிஜன் ஏறிய நிலை. நிரல், பைத்தான் மொழிக்கான உயிரியல் நூலகமான பயோபைத்தானில் எழுதியது என்று வைத்துக்கொள்ளுங்கள். வேறு எதில் எழுதினாலும் அறிகுறிகள் மாறுவதில்லை.

எதற்கும் முன்னால்: தலை எண்ணுங்கள்

கோப்பைப் படித்தவுடன் நான்கு எண்களை அச்சிடுங்கள்: எத்தனை மாடல் (அமைப்பின் முழுப் பிரதி), எத்தனை சங்கிலி, சங்கிலிக்கு எத்தனை ரெசிட்யூ, மொத்தம் எத்தனை அணு. 4எச்எச்பியில் ஒரு மாடல், நான்கு சங்கிலிகள் வர வேண்டும். ஆல்ஃபாவுக்கு 141, பீட்டாவுக்கு 146 என்று இரண்டிரண்டு, ஆக 574 ரெசிட்யூக்கள். புரத அணுக்கள் மட்டும் 4,384. தண்ணீரும், இரும்பைத் தாங்கும் ஹீமும் மற்றவையும் சேர்ந்தால் 4,779. உங்கள் நிரல் 4,779 அணுக்களை வைத்துக்கொண்டு தொடர்பு தேடினால், பட்டியலில் பாதி 'தண்ணீர் எண் 312' என்று வரும். மாறாக எச்இடிஏடிஎம் வரிகளையெல்லாம் (வழக்கமான அமினோ அமிலம் அல்லாதவை வரும் வரிகள்) தூக்கியெறிந்திருந்தால் ஹீமும் போய்விடும். அப்புறம் இரும்பைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஆல்ஃபா ஹிஸ்டிடின் 87, பீட்டா ஹிஸ்டிடின் 92 இரண்டும் சும்மா நிற்பதுபோலத் தெரியும். ஹீமோகுளோபினின் வேலையே அந்தப் பிடியில்தான் இருக்கிறது.

அதே வடிகட்டியில் சிக்கும் இன்னொன்று செலினோமெத்தியோனின். படிக ஆய்வுக்காக மெத்தியோனினுக்குப் பதில் இதை வைத்திருப்பார்கள். கோப்பில் எம்எஸ்இ என்ற பெயரில், எச்இடிஏடிஎம் வரியாக இருக்கும். பயோபைத்தானில் 'ரெசிட்யூ ஐடியின் முதல் இடம் காலியாக இருந்தால் மட்டும் எடு' என்று எழுதினால் இது ஓசைப்படாமல் கழன்றுவிடும், சங்கிலியில் ஓட்டை விழும்.

எண்கள் சரி என்றால் இன்னொரு சின்னச் சோதனை. அடுத்தடுத்த இரண்டு ரெசிட்யூக்களின் சி-ஆல்ஃபா அணுக்களுக்கு (பக்கச் சங்கிலி கிளைக்கும் நடுக் கார்பன்) இடையே தூரம் எவ்வளவு? சுமார் 3.8 ஆங்ஸ்ட்ராம் வர வேண்டும். சிஸ் பிணைப்பாக இருந்தால் 3க்குப் பக்கத்தில் வரும். 0.38 வந்தால் நிரல் நானோமீட்டரில் பேசுகிறது. 10, 15 என்று வந்தால் நடுவில் சில ரெசிட்யூக்கள் கோப்பிலேயே இல்லை.

அறிகுறி: ஆக்சிஜன் ஏறியதும் ஓர் இடைமுகம் முழுவதும் காணாமல் போகிறது

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நானே இதில் விழுந்து எழுந்தவன். 4எச்எச்பியில் சங்கிலிகளுக்கு இடையே உள்ள தொடர்புகளை எடுத்தேன். 1எச்எச்ஓவிலும் எடுத்தேன். கழித்துப் பார்த்தால் ஆல்ஃபா1-பீட்டா2 இடைமுகத்தின் (ஓர் ஆல்ஃபா-பீட்டா ஜோடியின் ஆல்ஃபாவும் மற்ற ஜோடியின் பீட்டாவும் தொடும் பரப்பு) தொடர்புகள் எல்லாமே 'ஆக்சிஜன் ஏறியதும் உடைந்துவிட்டன'. அந்த இடைமுகம்தான் நிலை மாறும்போது சறுக்குகிறது என்று எல்லாப் பாடப்புத்தகங்களிலும் இருக்கிறதே, கணக்கு அதை அப்படியே உறுதி செய்கிறது என்று மனசுக்குள் கைதட்டிக்கொண்டேன். இரண்டு நாள் கழித்து ஒரு விஷயம் உறைத்தது. சறுக்குவது வேறு, ஒன்றுகூட மிஞ்சாமல் போவது வேறு.

காரணம் எளிமையானது. 1எச்எச்ஓ கோப்பில் இருப்பது இரண்டே சங்கிலிகள்: ஓர் ஆல்ஃபா, ஒரு பீட்டா. படிகத்தின் இருமடிச் சமச்சீர் அச்சே மூலக்கூறின் அச்சாகவும் அமைந்துவிட்டதால், பாதியைக் கொடுத்தால் மீதியைச் சமச்சீரை வைத்து உருவாக்கிக்கொள்ளலாம் என்று பாதியை மட்டும் பதிவு செய்திருக்கிறார்கள். நான் ஒப்பிட்டது முழு மூலக்கூறையும் அரை மூலக்கூறையும். பீட்டா2 கோப்பிலேயே இல்லாதபோது ஆல்ஃபா1 அதை எப்படித் தொடும்?

சரிசெய்ய, சாதாரணக் கோப்புக்குப் பதில், முழு மூலக்கூறும் இருக்கும் உயிரியல் தொகுப்புக் கோப்பை இறக்குங்கள். அல்லது ரிமார்க் 350 வரிகளில் உள்ள அணிகளை (மேட்ரிக்ஸ்) பயன்படுத்தி நீங்களே பிரதி எடுங்கள். ஆனால் இங்கேயும் ஒரு குழி இருக்கிறது. பழைய பிடிபி வடிவத் தொகுப்புக் கோப்பில் பிரதியைப் புதுச் சங்கிலிப் பெயரில் வைக்காமல், மாடல் 2 என்று வைத்திருப்பார்கள். இரண்டு மாடலிலும் சங்கிலிகள் ஏ, பி என்றே இருக்கும். நம் நிரலில் வழக்கப்படி 'முதல் மாடலை மட்டும் எடு' என்று ஒரு வரி இருக்குமே, அது மீண்டும் பாதியை வெட்டிவிடும். இரண்டாம் மாடலின் சங்கிலிகளை சி, டி என்று பெயர் மாற்றி ஒரே மாடலில் சேர்த்த பிறகே தேடலைத் தொடங்குங்கள்.

சரியாகச் செய்தீர்களா என்று பார்க்க ஓர் உரைகல் உண்டு. ஆக்சிஜன் இல்லாத நிலையில் ஆல்ஃபா டைரோசின் 42, எதிரே உள்ள பீட்டா அஸ்பார்டிக் அமிலம் 99உடன் ஹைட்ரஜன் பிணைப்பில் இருக்கும். ஆக்சிஜன் ஏறிய நிலையில் அது விட்டுப்போய், ஆல்ஃபா அஸ்பார்டிக் அமிலம் 94உம் பீட்டா அஸ்பராஜின் 102உம் கைகோத்துக்கொள்ளும். பீட்டா ஹிஸ்டிடின் 97ஐயும் பாருங்கள். முதல் நிலையில் ஆல்ஃபாவின் த்ரியோனின் 41க்கும் புரோலின் 44க்கும் நடுவே உட்கார்ந்திருக்கும். அடுத்த நிலையில் ஹீலிக்ஸின் ஒரு சுற்று நகர்ந்து த்ரியோனின் 38க்கும் 41க்கும் நடுவே போய் உட்காரும். சைக்கிள் செயின் ஒரு பல் தாண்டி விழுந்த மாதிரி. உங்கள் இரண்டு பட்டியல்களிலும் இந்த இடமாற்றம் தெரிந்தால் தொகுப்பு சரி.

அறிகுறி: பாடப்புத்தகத்தில் இருக்கும் உப்புப் பாலம் பட்டியலில் இல்லை

எதிரெதிர் மின்சுமைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதுதான் உப்புப் பாலம். பெரும்பாலான நிரல்களில் அதன் வரையறை இப்படி இருக்கும்: அஸ்பார்டிக் அல்லது குளுட்டாமிக் அமிலத்தின் பக்கச் சங்கிலி ஆக்சிஜனுக்கும், லைசின் அல்லது அர்ஜினினின் நைட்ரஜனுக்கும் இடையே 4 ஆங்ஸ்ட்ராமுக்குள் தூரம். நல்ல வரையறைதான். இதை 4எச்எச்பியில் ஓட்டினால், ஆக்சிஜன் இல்லாத ஹீமோகுளோபினை இறுக்கிக் கட்டியிருக்கும் பிரபலமான பாலங்களில் பல வராது.

ஏன் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். பீட்டா ஹிஸ்டிடின் 146 தன் சங்கிலியின் அஸ்பார்டிக் அமிலம் 94உடன் பாலம் போடுகிறது. உங்கள் பட்டியலில் ஹிஸ்டிடின் இல்லை. அதே 146தான் சங்கிலியின் கடைசி ரெசிட்யூ. அதன் முனையில் உள்ள கார்பாக்சில் தொகுதி, மற்ற டைமரின் (ஆல்ஃபா-பீட்டா ஜோடி) ஆல்ஃபா லைசின் 40ஐப் பிடித்திருக்கிறது. அந்த எதிர்மின்சுமை எந்தப் பக்கச் சங்கிலியிலும் இல்லை, சங்கிலியின் முதுகெலும்பு நுனியில் இருக்கிறது. கோப்பில் ஓ, ஓஎக்ஸ்டி என்ற பெயர்களில் வரும் அந்த அணுக்களை உங்கள் வரையறை திரும்பிக்கூடப் பார்க்காது. ஆல்ஃபா அர்ஜினின் 141உம் அதே கதை. பக்கச் சங்கிலி எதிர் ஆல்ஃபாவின் அஸ்பார்டிக் அமிலம் 126ஐப் பிடிக்க, முனைக் கார்பாக்சில் லைசின் 127ஐப் பிடிக்கிறது. முதலாவது வரும், இரண்டாவது வராது.

தீர்வு: ஹிஸ்டிடினைச் சேருங்கள். ஒவ்வொரு சங்கிலியின் முதல் ரெசிட்யூவின் நைட்ரஜனையும் கடைசி ரெசிட்யூவின் இரண்டு ஆக்சிஜன்களையும் மின்சுமை அணுக்களின் பட்டியலில் சேருங்கள். ஆனால் கோப்பில் கடைசியாக இருப்பது உண்மையிலேயே புரதத்தின் முனையா, அல்லது மீதி வால் ஆடிக்கொண்டிருந்ததால் மின்னடர்த்தி தெரியாமல் விட்டுவிட்டார்களா என்று பார்த்துச் சேருங்கள். ஹிஸ்டிடினுக்கு மின்சுமை இருக்கிறதா இல்லையா என்பது சூழலைப் பொறுத்தது. ஆகவே அதைத் தனிப் பத்தியில் போட்டுவைப்பது என் வழக்கம்.

இன்னொரு வகையும் உண்டு. அங்கே பாலம் வராததுதான் சரி. ட்ரிப்சினையும் அதைத் தடுக்கும் பிபிடிஐ என்ற 58 ரெசிட்யூ புரதத்தையும் சேர்த்துப் பார்த்த 2பிடிசி அமைப்பை எடுங்கள். தடுப்பானின் லைசின் 15, ட்ரிப்சினின் ஆழ்ந்த பையில் நுழைந்து, அடியில் இருக்கும் அஸ்பார்டிக் அமிலம் 189ஐ நாடிப் போகிறது. ட்ரிப்சின் ஏன் லைசினுக்கும் அர்ஜினினுக்கும் பின்னால் வெட்டுகிறது என்பதற்கு எல்லாரும் காட்டும் ஜோடி இது. நிரலோ பாலம் இல்லை என்கிறது. பையனை நம்புங்கள், அவன் சரியாகத்தான் சொல்கிறான். லைசின் எட்டும் நீளத்துக்கு அந்த இடம் கொஞ்சம் தூரம். நடுவில் ஒரு தண்ணீர் மூலக்கூறு நின்று இரண்டையும் இணைக்கிறது. லைசின் நேரடியாகத் தொடுவது பக்கத்தில் உள்ள செரின் 190ஐ. அர்ஜினின் வந்தால் நீளம் போதும், நேராகவே 189ஐப் பிடித்துக்கொள்ளும். தண்ணீரை முழுக்க நீக்கிவிட்டுக் கணக்குப் போட்டவருக்கு இந்த ஜோடி ஒட்டவே ஒட்டாது. தண்ணீர் வழித் தொடர்பைத் தனியாகத் தேடுங்கள்: ஒரே தண்ணீர் ஆக்சிஜனுக்கு 3.5 ஆங்ஸ்ட்ராமுக்குள் இரண்டு ரெசிட்யூக்களின் நைட்ரஜனோ ஆக்சிஜனோ இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: அஸ்பராஜினும் குளுட்டமினும் தப்பான ஆளோடு ஹைட்ரஜன் பிணைப்பு போடுகின்றன

எக்ஸ்-கதிர் படத்தில் இவற்றின் நுனியில் உள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் கிட்டத்தட்ட ஒன்றுபோலத் தெரியும். வைத்தவர் 180 பாகை திருப்பி வைத்திருக்கலாம். ஹிஸ்டிடின் வளையமும் அப்படியே. டியூக் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட்சன் ஆய்வகத்திலிருந்து வந்த ரெட்யூஸ் என்ற நிரல், ஹைட்ரஜன்களைச் சேர்க்கும்போதே எந்தப் பக்கம் பொருந்துகிறது என்று பார்த்துத் திருப்பியும் கொடுக்கும். ஹைட்ரஜன் பிணைப்பு எண்ணப் போகிறீர்கள் என்றால் முதலில் அதன் வழியாக ஒருமுறை விட்டு எடுங்கள்.

அறிகுறி: கட்டுரையில் சொன்ன ரெசிட்யூ எண் கோப்பில் வேறு ஆளாக இருக்கிறது

சிக்கிள் செல் நோயில் பீட்டாவின் 6ஆம் இடத்துக் குளுட்டாமிக் அமிலம் வேலினாக மாறுகிறது என்று படித்திருப்போம். இப்போதைய மரபணு அறிக்கைகளில் அதே மாற்றம் 7ஆம் இடம் என்று இருக்கும். இரண்டும் சரி. தொடக்க மெத்தியோனினை எண்ணினால் 7. முதிர்ந்த புரதத்தில் அது வெட்டப்பட்டுவிடுவதால் பழைய எண்ணிக்கையில் 6. 4எச்எச்பி பழைய வழக்கைப் பின்பற்றுகிறது. யூனிப்ராட் என்ற புரத வரிசைத் தரவுத்தளத்திலிருந்து எண்களை எடுத்து நேராகக் கோப்பில் தேடினால் எல்லாமே ஒன்று தள்ளி விழும். அதிலும் மோசம், எரர் வராது: 7ஆம் இடத்தில் இருப்பவரும் குளுட்டாமிக் அமிலம்தான். எண்ணை மட்டும் அச்சிடாமல் ரெசிட்யூவின் பெயரையும் சேர்த்தே அச்சிடுங்கள். ஓரிடத்தைப் பார்த்துத் திருப்தி அடையாமல் நான்கைந்து இடங்களை ஒத்துப் பாருங்கள்.

எம்எம்சிஃப் என்ற புதிய வடிவக் கோப்பில் இது இன்னும் குழப்பும். அதில் ஒவ்வொரு ரெசிட்யூவுக்கும் இரண்டு எண்கள், ஒவ்வொரு சங்கிலிக்கும் இரண்டு பெயர்கள்: ஆசிரியர் கொடுத்தது ஒன்று, வங்கி கொடுத்தது ஒன்று. பயோபைத்தான் கேட்காமலே ஆசிரியர் எண்ணை எடுத்துக்கொள்ளும். வேறொரு கருவியின் வெளியீட்டோடு இணைக்கும்போது அது எதை எடுக்கிறது என்று பார்த்துவிட்டு இணையுங்கள்.

அப்புறம் ட்ரிப்சின். அதன் எண்ணிக்கை கைமோட்ரிப்சினோடு ஒத்துப்போக வேண்டும் என்று வைத்தது. அப்படி வைத்தால்தான் செரின் 195, ஹிஸ்டிடின் 57, அஸ்பார்டிக் அமிலம் 102 என்று குடும்பம் முழுவதற்கும் ஒரே எண்ணில் பேசலாம். விலை என்ன? மாட்டு ட்ரிப்சினின் எண்கள் 16இல் தொடங்கி 245இல் முடிகின்றன. அதாவது 230 எண்கள். ஆனால் ரெசிட்யூக்கள் 223. பத்து எண்கள் தாவப்பட்டிருக்கின்றன, 34க்கு அடுத்தவர் 37. மூன்று இடங்களில் எண் இரட்டித்திருக்கிறது: 184ஏ, 188ஏ, 221ஏ. எண்ணை மட்டும் சாவியாக வைத்து அகராதி கட்டினால் 184உம் 184ஏயும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து ஒருவர் காணாமல் போவார். பயோபைத்தானில் ரெசிட்யூ ஐடி மூன்று பகுதிகளாக இருப்பதே இதற்காகத்தான். மூன்றையும் சங்கிலிப் பெயரோடு சேர்த்து வையுங்கள். பக்கத்துப் பக்கத்து ரெசிட்யூக்களை விலக்கும்போதும் எண்ணைக் கழிக்காமல், சங்கிலியில் எத்தனையாவது ஆள் என்பதைக் கழியுங்கள். இல்லாவிட்டால் 34உம் 37உம் தள்ளி இருப்பவர்கள் என்று நினைத்து, பெப்டைடு பிணைப்பையே 'புதிய தொடர்பு' என்று எழுதிவிடுவீர்கள்.

அறிகுறி: எண்ணிக்கை நம்பமுடியாத அளவுக்கு அதிகம்

அநேகமாக நீங்கள் சங்கிலியில் பக்கத்தில் இருப்பவர்களையும் எண்ணுகிறீர்கள். ஒன்றுக்கொன்று பிணைந்தவர்கள் தொடாமல் என்ன செய்வார்கள்? ஆல்ஃபா ஹீலிக்ஸில் நான்கு ரெசிட்யூ தள்ளி இருப்பவரும் கட்டாயம் தொடுவார். மடிப்பைப் பற்றிப் பேச வேண்டுமானால் தூரத்துச் சொந்தங்களைப் பாருங்கள். புரத மடிப்பைக் கணிக்கும் காஸ்ப் போட்டியில் 24 ரெசிட்யூக்களுக்கு அப்பால் இருப்பதைத்தான் நீண்ட தூரத் தொடர்பு என்று எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டு கருவிகள் வெவ்வேறு எண்ணிக்கை கொடுப்பதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். சிமுலேஷன்களை அலசும் எம்டிடிராஜ் என்ற கருவியில் எல்லா ஜோடிகளும் என்று கேட்டாலும், அடுத்தவரையும் அதற்கு அடுத்தவரையும் அது தானே விட்டுவிடும். பயோபைத்தானில் அருகில் உள்ள அணுக்களைத் தேடும் நெய்பர்சர்ச் அப்படி விடாது.

0.3, 0.5 ஆங்ஸ்ட்ராம் என்று இயற்பியலுக்கே ஒவ்வாத தூரங்கள் வந்தால் மாடல்கள் கலந்திருக்கின்றன. யுபிக்விடினின் என்எம்ஆர் அமைப்பு 1டி3இசட்டில் பத்து மாடல்கள் ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கும். எல்லா அணுக்களையும் ஒரே கூடையில் கொட்டினால், முதல் மாடலின் ஐசோலூசின் 44 இரண்டாம் மாடலின் ஐசோலூசின் 44ஐத் தொடும், அதாவது தன்னையே. மாடலுக்கு ஒரு பட்டியல் எடுத்து, பத்தில் எத்தனை மாடலில் வருகிறது என்று சொல்லுங்கள். என்எம்ஆர் கோப்பில் ஹைட்ரஜனும் இருக்கும், பெரும்பாலான படிக அமைப்புகளில் இருக்காது. இரண்டையும் ஒப்பிடுவதென்றால் ஹைட்ரஜனை நீக்கிவிட்டுத் தொடங்குங்கள்.

மாற்று நிலைகளும் இதே வேலையைச் செய்யும். ஒரே பக்கச் சங்கிலி இரண்டு திசைகளில் பதிவாகியிருந்தால் இரு திசையின் தொடர்புகளும் கூடிவிடும். பயோபைத்தான் அதிக இருப்பு விகிதம் உள்ளதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை மறைத்துவிடும். பல சமயம் அது போதும்.

அறிகுறி: சி-பீட்டா இல்லை என்று நிரல் நிற்கிறது, அல்லது ஓர் ஆள் அதிகமாக இருக்கிறார்

முதலாவது கிளைசின். அதற்கு சி-பீட்டாவே (பக்கச் சங்கிலியின் முதல் கார்பன்) கிடையாது, சி-ஆல்ஃபாவை வைத்துக்கொள்ளுங்கள். கிளைசின் அல்லாத இடத்திலும் நின்றால், பக்கச் சங்கிலி தெரியாமல் கோப்பில் விட்டுப்போயிருக்கிறது. இரண்டாவது கால்சியம். ட்ரிப்சினில் ஒரு கால்சியம் அயனி கட்டுண்டிருக்கும். சி-ஆல்ஃபாவுக்கும் கால்சியத்துக்கும் கோப்பில் ஒரே பெயர்: சிஏ. பிடிபி வடிவத்தில் பெயருக்கு முன்னால் வரும் ஒரு வெற்றிடம்தான் வித்தியாசம். வெற்றிடத்தை வெட்டி எறிந்துவிட்டால் வித்தியாசமும் போச்சு. தனிமம் என்ன என்ற பத்தியையும் பாருங்கள்.

வெற்றிடம் என்றதும் இன்னொன்று: பிடிபி வரியை வெற்றிடம் பார்த்துப் பிரிக்காதீர்கள். வரியில் எத்தனையாவது எழுத்து என்று பார்த்துப் பிரியுங்கள்: எக்ஸ் 31 முதல் 38 வரை, ஒய் 39 முதல் 46 வரை, இசட் 47 முதல் 54 வரை. பத்திகள் ஒட்டிக்கொள்ளும் நாள் ஒன்று வரும்.

அறிகுறி: கட்-ஆஃபைக் கொஞ்சம் நகர்த்தினால் முடிவே மாறுகிறது

இன்ஜினியரிங் கவுன்சலிங் மாதிரிதான். 4.49 உள்ளே, 4.51 வெளியே, இரண்டுக்கும் உண்மையில் எந்த வேறுபாடும் இல்லை. கன அணுக்களுக்கு (ஹைட்ரஜன் அல்லாதவை) 4.5 அல்லது 5, சி-பீட்டாக்களுக்கு 8 என்பவை வழக்கத்தில் உள்ளவை. ஒன்றின் வரையறையில் இன்னொன்றின் எண்ணைப் போட்டால்தான் ஆபத்து. கன அணுக்களுக்கு 8 என்று வைத்தால் நடுவில் இன்னொரு ரெசிட்யூ நின்றாலும் தொடர்பு என்று வரும்.

1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் தங்கள் புகழ்பெற்ற வரைபடத்துக்கு அடிப்படையாக வைத்ததும் அணுக்களுக்கு இடையே உள்ள தொடர்புத் தூரங்களைத்தான். கார்பனும் கார்பனும் சாதாரணமாக 3.2, மிஞ்சினால் 3.0 ஆங்ஸ்ட்ராம்வரை நெருங்கலாம் என்று வைத்தார்கள். அது எவ்வளவு நெருங்கலாம் என்ற கேள்வி, நம்முடையது எவ்வளவு விலகினாலும் தொடர்பு எனலாம் என்ற கேள்வி. கீழ் எல்லைக்கு இயற்பியல் கறாராகப் பதில் சொல்கிறது, மேல் எல்லைக்குச் சொல்வதில்லை. ஆகவே 4, 4.5, 5 மூன்றிலும் ஓட்டிப் பாருங்கள். மூன்றிலும் நிற்கும் தொடர்பைப் பற்றி மட்டும் அழுத்தமாக எழுதுங்கள். 3.0க்குக் கீழே கார்பன் ஜோடி வந்தால் அது வலுவான தொடர்பு அல்ல, அமைப்பில் உள்ள மோதல்.

அறிகுறி: சிமுலேஷனில் தொடர்பு திடீரென்று மறைந்து திடீரென்று திரும்புகிறது

தூரத்தை நேரத்துக்கு எதிரே வரைந்து பாருங்கள். படிக்கட்டுபோல 3இலிருந்து 90க்குத் தாவி, சில ஃபிரேம்கள் அங்கேயே இருந்துவிட்டு இறங்கினால், சிமுலேஷன் நடக்கும் பெட்டியின் பக்க நீளத்தைப் பாருங்கள். அதுவும் 90க்குப் பக்கத்தில் இருக்கும். மூலக்கூறின் ஒரு பகுதி பெட்டியின் ஒரு சுவர் வழியாக வெளியேறி எதிர்ச் சுவர் வழியாக உள்ளே வந்திருக்கிறது. குரோமாக்ஸ் என்ற சிமுலேஷன் மென்பொருளில் டிஆர்ஜேகான்வ் கட்டளையால் முதலில் மூலக்கூறுகளை முழுதாக்குங்கள். பிறகு சங்கிலிகளை ஒன்று சேர்த்து, கடைசியில் நடுவில் வையுங்கள். வரிசை மாறினால் மறுபடி உடையும்.

இதற்கு நேர்மாறானதும் உண்டு. எம்டிடிராஜ் தானாகவே மிக அருகில் உள்ள பிம்பத்துக்குத்தான் (பெட்டியைச் சுற்றி அடுக்கிய நகல்) தூரம் பார்க்கும். பெட்டி சின்னதாக இருந்தால், புரதத்தின் வால் தன் பிம்பத்தின் தலையைத் தொடுவதைக்கூட உள்தொடர்பு என்று எண்ணிவிடும். அந்தக் கருவியில் தூரம் நானோமீட்டரில் வரும் என்பதையும் மறந்துவிட வேண்டாம். 4.5 என்று கொடுத்தால் 45 ஆங்ஸ்ட்ராம் என்று பொருள், வரைபடம் முக்கால்வாசி கறுப்பாகிவிடும்.

படிக்கட்டு இல்லாமல் 3.8க்கும் 4.2க்கும் நடுவே நடுங்கிக்கொண்டிருந்தால் அது நிஜமான அசைவு. கட்-ஆஃப் கோட்டின்மேல் நிற்பதால் ஒரே பாலம் நூறு முறை உடைந்ததாகக் கணக்காகிறது. நான் 4க்குள் வந்தால் உருவானது, 5ஐத் தாண்டினால்தான் உடைந்தது என்று இரண்டு கோடுகள் வைத்துக்கொள்கிறேன்.

அறிகுறி: ஓடி முடியவே மாட்டேன் என்கிறது

4எச்எச்பியின் 4,384 அணுக்களில் 96 லட்சம் ஜோடிகள். ஒரு கோப்புக்குப் பரவாயில்லை, பத்தாயிரம் ஃபிரேமுக்குத் தாங்காது. எல்லா ஜோடியையும் அளக்காமல், அருகில் உள்ளவற்றை மட்டும் தேடும் கேடி-மரத்தைப் பயன்படுத்துங்கள். நெய்பர்சர்ச் உள்ளே அதைத்தான் செய்கிறது.

அறிகுறி: ஆல்ஃபாஃபோல்டு மாதிரியில் விசித்திரத் தொடர்புகள்

ஆல்ஃபாஃபோல்டு கணினி கணித்துத் தரும் அமைப்பு. பி-ஃபேக்டர் (அணு எவ்வளவு அசைகிறது என்ற எண்) இருக்க வேண்டிய பத்தியில் அங்கே இருப்பது பிஎல்டிடிடி என்ற நம்பிக்கை மதிப்பெண். 50க்குக் கீழே உள்ள பகுதிகள் ரிப்பன்போலச் சுற்றிக்கொண்டு எதையாவது உரசிக்கொண்டிருக்கும். அந்தத் தொடர்புகளை எண்ணாதீர்கள். இரண்டு டொமைன்களுக்கு (தனியாக மடியும் பகுதிகள்) இடையே என்றால், அவை ஒன்றைப் பொறுத்து ஒன்று எவ்வளவு தப்பாக வைக்கப்பட்டிருக்கலாம் என்று காட்டும் பிஏஇ படத்தையும் பாருங்கள். ஒவ்வொரு டொமைனும் 90க்கு மேல் வாங்கியிருந்தாலும், ஒன்றுக்கொன்று எங்கே நிற்கின்றன என்பது தெரியாமல் இருக்கலாம்.

அறிகுறி: நோய்க்குக் காரணமான ரெசிட்யூவே யாரையும் தொடவில்லை

மேலே சொன்ன எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டு, சிக்கிள் ஹீமோகுளோபினின் 2எச்பிஎஸ் அமைப்பை எடுத்து ஒரு டெட்ராமரை (நான்கு சங்கிலிகள் சேர்ந்த முழு மூலக்கூறு) தனியாகப் பிரித்துப் பாருங்கள். பீட்டா வேலின் 6 மேற்பரப்பில், தன் சங்கிலியின் அக்கம்பக்கத்தவரைத் தவிர யாரையும் தொடாமல் நிற்கும். உயிரியல் தொகுப்பு எடுத்தாயிற்று, எண் சரி, கட்-ஆஃப் சரி. பிறகு ஏன்?

படிகத்தில் பக்கத்து மூலக்கூறோடு உள்ள தொடர்பு வெறும் அடுக்குதலால் வந்தது, ஒதுக்கிவிடு என்றுதான் நாம் எல்லாருக்கும் சொல்லிக்கொடுக்கிறோம். இங்கே அந்த விதியைத் தளர்த்த வேண்டும். கோப்பில் இரண்டு டெட்ராமர்கள் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்து, சமச்சீர்ப் பிரதிகளையும் சுற்றிலும் வைத்து மறுபடி ஓட்டுங்கள். ஒரு டெட்ராமரின் வேலின் 6, அடுத்த டெட்ராமரின் பீட்டா சங்கிலியில் ஃபீனைல்அலனின் 85க்கும் லூசின் 88க்கும் நடுவே உள்ள எண்ணெய்ப் பசையான குழியில் செருகிக்கொண்டிருக்கும். டெட்ராமர் ஒன்றுக்கு இரண்டு வேலின்கள் இருந்தாலும் இப்படிச் செருகுவது ஒன்றுதான். ஆகவே இரண்டு பீட்டாக்களுக்கும் சராசரி போட்டுவிடாமல், பட்டியலைச் சங்கிலி வாரியாகவே வைத்திருங்கள்.